ஆறு எங்கே போனது? சென்னை ஜார்ஜ் டவுனை நடந்து படிக்க ஒரு வழி

கட்டடக்கலை படிக்கும் பெரம்பூர் மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "ஆற்றங்கரை ஊர் ஒன்றின் பழைய பகுதியை எடுத்துக்கொண்டு அதன் வரலாறு, கட்டடங்கள் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஜார்ஜ் டவுனும் ஒரு காலத்தில் ஆற்றங்கரை ஊர்தான் என்று ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தேன். மொத்த வியாபாரக் கடைகளும் வண்டி நெரிசலும்தான் தெரிந்தன. ஆறு எங்கே? எதைப் பார்ப்பது?"

தம்பி, தாராளமாக எடுக்கலாம். சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் வேலையில் கொத்தனார்களோடு இருபது வருடத்துக்கு மேலாக அந்தத் தெருக்களில் சுற்றியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தால் ஜார்ஜ் டவுன் பிடிபடாது. தண்ணீர் முன்பு எங்கெல்லாம் இருந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெரு ஏன் நேராக ஓடுகிறது, ஏன் அங்கே முடிகிறது, கோயில் ஏன் இங்கே வந்தது என்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பிக்கும்.

கிழக்கே கடல். மேற்கே ஓர் ஆறு. அதற்கு எழும்பூர் ஆறு என்று பெயர், ஜார்ஜ் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள் வட ஆறு என்றார்கள். வடக்கிலிருந்து கடலுக்கு இணையாகவே இறங்கி வந்து, இன்றைய சென்ட்ரல், பொது மருத்துவமனைப் பக்கமாகத் திரும்பி, கோட்டையின் மேற்கு ஓரத்தை உரசிக்கொண்டு போய்க் கூவத்தில் கலந்தது. இரண்டு ஆறுகளையும் ஒரு வெட்டுக் கால்வாயால் இணைத்தபோது நடுவில் மாட்டிக்கொண்ட நிலத்துக்குத்தான் தீவு என்று பெயர் வந்தது. பொருட்காட்சி பார்க்கப் போகிறோமே, அந்தத் தீவுத்திடல். நான்கு பக்கமும் ரோடு இருக்கிற இடத்துக்கு ஏன் தீவு என்று பெயர் வைத்தார்கள் என்று சின்ன வயதில் அப்பாவைக் கேட்டிருக்கிறேன். அவருக்கும் அப்போது தெரியவில்லை.

1750-களில் கோட்டையை மேற்குப் பக்கம் பெரிதாக்கியபோது ஆற்றின் பழைய படுகையைத் தூர்த்து, ஆற்றை இன்னும் மேற்கே தள்ளினார்கள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்பவர் எண்ணூர்ப் பக்கம் போகப் படகுக் கால்வாய் வெட்டினார். தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877, 1878 வாக்கில், கூலிக்கு ஆள் வைத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைத் தோண்டினார்கள். முழுக் கால்வாய்க்கும் அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் வந்தது. ஆக, நீங்கள் தேடும் ஆறு மறையவில்லை. கால்வாயாகி, பக்கிங்ஹாம் என்று பெயர் மாறி, சென்ட்ரலுக்குப் பக்கத்தில் கறுப்பாகக் கிடக்கிறது. படகுகள் வந்து நின்ற நீர்த்துறைக்கு ஆங்கிலத்தில் பேசின், அதன் மேல் போட்ட பாலம் பேசின் பிரிட்ஜ். படகில் வந்த உப்பை இறக்கி வைத்த இடம் சால்ட் கோட்டர்ஸ். நம் கொட்டாரம்தான் அங்கே கோட்டர்ஸ் ஆகியிருக்கிறது, களஞ்சியம் என்று பொருள். தினமும் ரயிலில் கடந்து போகும் பெயர்களிலேயே ஆறு இருக்கிறது.

சரி, ஊருக்கு வருவோம். 1639-ல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே நிலம் வாங்கினார். நாயக்கரின் தந்தை சென்னப்ப நாயக்கரின் பெயரால் சென்னப்பட்டணம். அடுத்த வருடமே கோட்டை வேலை தொடங்கியது. கும்பினிக்கு, அதாவது அந்தக் கம்பெனிக்கு, வேண்டியது துணி. துணி என்றால் நெய்பவர், சாயம் போடுபவர், வெளுப்பவர், மொழிபெயர்த்து விலை பேசும் துபாஷி, எடை போடுபவர், வண்டிக்காரர், எல்லாரும் வேண்டும். அவர்கள் கோட்டைக்கு வடக்கே குடியேறினார்கள். வெளுப்பதற்கு நல்ல தண்ணீரும் விரித்துப் போட வெட்டவெளியும் வேண்டுமே, அந்தத் தொழில்காரர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளைகள் உண்டு. கும்பினி கப்பலில் ஏற்றிய துணி முதலில் இவர்கள் கையில் வெளுத்திருக்கிறது, இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

அந்த முதல் ஊரை வெள்ளைக்காரர்கள் கறுப்பர் பட்டணம் என்றார்கள். இன்று ஹைகோர்ட்டும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கும் இடம் அது. இதை நம்புவது கொஞ்சம் கஷ்டம், ஆனால் அவ்வளவு பெரிய ஹைகோர்ட் வளாகத்துக்கு அடியில் ஒரு முழு ஊர் இருந்தது. அதன் நடுவில் சென்னகேசவப் பெருமாள் கோயில். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த வீடுகளை இடித்தார்கள். ஊர் திரும்பக் கைக்கு வந்தபின் ஆங்கிலேயர்களும் அதே வேலையைத் தொடர்ந்தார்கள், கோயிலும் போனது. 1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லல்லியின் படை மறுபடி வந்து, மிச்சமிருந்த வீடுகளின் மறைவிலிருந்தே கோட்டையை முற்றுகையிட்டது. அதற்கப்புறம் கோட்டைக்கு எதிரே ஒரு சுவர்கூட நிற்கக்கூடாது என்று முடிவு செய்தார்கள். பீரங்கிக்குப் பார்வை மறைக்காத வெட்டவெளியாக அந்த நிலம் ஆனது. எஸ்பிளனேடு என்று சொல்கிறோமே, அதுதான். இதற்குமேல் தெற்கே யாரும் வீடு கட்டக்கூடாது என்று எல்லை காட்ட ஆறு கல் தூண்கள் நட்டார்கள். ஒன்றுதான் மிச்சம். பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில், 1773 ஜனவரி 1 என்ற தேதியோடு நிற்கிறது. பஸ்ஸுக்காக அதன் பக்கத்தில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று சொல்ல முடியாது. நீங்கள் முதலில் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டிய பொருள் அந்தக் கல். இடிந்த ஊருக்கும் எழுந்த ஊருக்கும் நடுவில் நிற்கிறது.

கோயிலை இழந்தவர்களுக்குக் கும்பினி வேறு இடத்தில் நிலம் கொடுத்தது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று, பெருமாளுக்கும் சிவனுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோயில்கள் எழும்பின. தேவராஜ முதலி தெருப் பக்கம், பூக்கடைக்குள், சென்னகேசவரும் சென்ன மல்லீஸ்வரரும். இன்றும் பழைய ஆட்கள் பட்டணம் கோயில் என்றுதான் சொல்வார்கள்.

புதிய ஊரின் அமைப்புக்கு வருகிறேன், உங்கள் கட்டுரைக்கு இதுதான் முதுகெலும்பு. கிழக்கே கடல் பக்கம் முத்தியால்பேட்டை, மேற்கே ஆற்றுப் பக்கம் பெத்தநாயக்கன்பேட்டை. கோட்டைக்கு வெளியே இருந்த இந்த இரண்டு பேட்டைகளும் 1707-ல் ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு வேறு வேறாகப் பிரிக்கப்பட்டன. அன்றைக்குச் சாதிகள் வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாக இருந்தன. வலங்கைச் சாதியாருக்கும் இடங்கைச் சாதியாருக்கும், யார் எந்தத் தெருவில் ஊர்வலம் போகலாம் என்பதில் வெட்டுக்குத்து. அப்போதைய கவர்னர் தாமஸ் பிட் வலங்கையாருக்குப் பெத்தநாயக்கன்பேட்டை, இடங்கையாருக்கு முத்தியால்பேட்டை என்று பங்கு போட வேண்டிவந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம், மழைத் தண்ணீரும் கழிவும் ஓடும் வாய்க்கால். 1780-களில் ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வழக்கறிஞர் அந்தப் பள்ளத்தைத் தூர்த்து அகலமான தெருவாக்கினார். பாப்ஹாம்ஸ் பிராட்வே. இன்று பெயர்ப் பலகையில் பிரகாசம் சாலை, ஆனால் கண்டக்டர் வாயில் இன்னும் பிராட்வேதான். ஐப்பசி மழையில் ஒருநாள் அங்கே நின்று பாருங்கள். இரண்டு பக்கத்துக் குறுக்குத் தெருக்களிலிருந்தும் தண்ணீர் பிராட்வேயை நோக்கி வரும். மேலே தார் போட்டாலும் தண்ணீருக்குப் பழைய வழி மறக்கவில்லை.

இந்த இரண்டு பேட்டைகளையும் சுற்றி 1760-களில் மதில் எழுப்பினார்கள். செலவை ஊர்க்காரர்களிடம் வரியாக வாங்க நினைத்தார்கள், வாங்கவே முடியவில்லை. வரி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது: வால்டாக்ஸ் ரோடு. மதிலில் இருந்த வாசல்களுக்குக் கவுனி என்று பெயர். யானைக்கவுனி அதில் ஒன்று. மேற்கு மதில் போன கோட்டில் வால்டாக்ஸ் ரோடு, வடக்கு மதில் போன கோட்டில் பழைய ஜெயில் ரோடு. மதிலில் ஒரு சிறு துண்டு இப்ராஹிம் சாகிப் தெருப் பக்கம் இன்னும் இருக்கிறது. அதன் மேல் செடி நட்டுப் பூங்காவாக்கி மாடிப் பூங்கா என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக அதில் ஏறி ஓடியபோது கோட்டை மதிலின் மேல் ஓடுகிறோம் என்று யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் பெருமையாக ஓடியிருப்போம்.

ஜார்ஜ் டவுன் என்ற பெயர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் வந்தது. அதற்கு முன் கறுப்பர் பட்டணம் என்றே ஆவணங்களில் எழுதினார்கள். பெயர் மாறியதில் எனக்கு வருத்தமே இல்லை.

இனிக் கட்டடங்கள். எல்லாரும் ஹைகோர்ட்டிலிருந்து தொடங்குவார்கள். நான் வீட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஹைகோர்ட் எங்கேயும் போகாது, வீடுகள்தான் மாதத்துக்கு ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

இங்கே மனை முகப்பில் ஒடுக்கம், உள்ளே நீளம். தெருவைப் பார்த்துத் திண்ணை, தாண்டினால் ரேழி என்ற நடை, அப்புறம் வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் தூண் வைத்த கூடம், பின்னால் இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை. வசதியான வீடுகளில் மூன்றாம் கட்டும் உண்டு. வியாபாரிகளின் வீட்டில் தெருவோர அறையே கடை, மாடியில் குடும்பம். காற்று வருவதற்கு இரண்டே வழிதான்: தெருவும் முற்றமும். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டிக்கொண்டிருக்கும். முற்றத்தை மூடிக் குடோன் ஆக்கினால் வீடு மூச்சுத் திணறும். நான் பார்த்த பல வீடுகளில் சுவர் ஈரமாகி உதிர ஆரம்பித்தது முற்றத்துக்குத் தகடு போட்ட வருடத்திலிருந்துதான். சிமெண்ட் பூச்சு இன்னொரு எமன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று செங்கலைத் தின்னும்.

திண்ணையைப் பாருங்கள். பல வீடுகளில் இன்று திண்ணையும் தெருவும் ஒரே மட்டம், சிலவற்றில் வீட்டுக்குள் இறங்கிப் போக வேண்டும். வீடு அமிழவில்லை. ரோட்டின் மேல் ரோடு போட்டு ரோடு ஏறிவிட்டது. மண்ணடியில் ஒரு வீட்டில் வேலைக்காகத் தெருவோரம் தோண்டினோம். தார் அடுக்குகளுக்குக் கீழே மூன்று படிகள் வந்தன. கருங்கல் படிகள், விளிம்பு கால்பட்டுக் குழிந்திருந்தது. அந்த வீட்டு ஆயாவைக் கூட்டிவந்து காட்டினோம். "நான் கல்யாணமாகி வந்தப்போ இதுல ஏறித்தான் வந்தேன்"னு சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் கூரை. மெட்ராஸ் டெரஸ் என்று கட்டடக்கலைப் புத்தகங்களிலேயே நம் ஊர் பெயரில் இருக்கிற கூரை இது. சுவருக்குச் சுவர் தேக்கு விட்டங்கள். அவற்றின் மேல், இதற்கென்றே சிறிதாகச் சுட்ட செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டமாக, சுண்ணாம்புச் சாந்து தடவி ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே முட்டுப் பலகை வேண்டாம். ஒரு மூலையில் தொடங்கும் வரிசையை அடுத்த வரிசை பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, சித்தாட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். நடுநடுவே கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளிப்பார்கள். முதலில் சத்தம் மொத்தென்று இருக்கும். இறுக இறுகச் சத்தம் மாறும், கட்டை எகிற ஆரம்பிக்கும். "கட்டை எகிறுது, போதும்" என்று மேஸ்திரி சொன்னால்தான் தட்டையான ஓடு பதிக்கப் போவார்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எந்த மூலை இன்னும் இறுகவில்லை என்று சொல்லிவிடுவார். சித்திரை வெயிலில் அந்தக் கூரைக்குக் கீழே படுத்துப் பார்த்தவர்களுக்குக் கான்கிரீட் வீட்டில் தூக்கம் வராது.

சுண்ணாம்பு எங்கிருந்து? மறுபடியும் தண்ணீர்தான். பழவேற்காடு, எண்ணூர் உப்பங்கழிகளில் கிடைக்கும் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பு. அதை மாவாக அரைத்து, தயிர், முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் பல பூச்சாகப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்தால் சுவர் சலவைக்கல் போலப் பளபளக்கும். மெட்ராஸ் சுனம் என்று வெள்ளைக்காரர்கள் வியந்தது இதைத்தான். உள்ளறைத் தூண்களில் பெயிண்ட் உரிந்த இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக, வழவழவென்று இருந்தால் அதுதான்.

தெருப் பெயர்களையும் கட்டடம்போலவே படிக்கலாம். தம்பு செட்டி, லிங்கி செட்டி, கோவிந்தப்ப நாயக்கன் என்று வணிகர், தலைவர் பெயர்கள் ஒரு பக்கம். ஆர்மீனியன் தெரு, பவழக்காரத் தெரு என்று கடல் தாண்டி வந்தவர்கள் ஒரு பக்கம். பவழக்காரத் தெரு பவழம் விற்க வந்த யூத வணிகர்கள் இருந்த தெரு. தங்கசாலையில் பின்னாளில் குஜராத்திகளும் மார்வாடிகளும் வந்து சௌகார்பேட்டை ஆனது. அந்தத் தங்கசாலைக்குப் பெயர் தந்த நாணயச் சாலை 1840-களில் தெருவின் வடகோடிக்கு வந்தது, 1869-ல் மூடிவிட்டார்கள். ஏழுகிணறு என்ற பெயர் 1772-ல் கோட்டைக்குக் குடிநீர் கொண்டுபோக வெட்டிய கிணறுகளால் வந்தது. ஆறும் கடலும் இரண்டு பக்கம் இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிணற்றில்தான்! வள்ளலார் சிறுவயதில் வளர்ந்ததும் ஏழுகிணறுப் பகுதி, வீராசாமிப் பிள்ளை தெருவில். அங்கிருந்துதான் கந்தகோட்டம் முருகன் கோயிலுக்கு நடந்து போய்ப் பாடியிருக்கிறார். சைவ முத்தையா முதலி தெருவில் கணித மேதை ராமானுஜன் குடியிருந்தார். 1912-ல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்த காலம்.

ஆர்மீனியன் தெருவில் இரண்டு இடங்களைத் தவறவிடாதீர்கள். ஒன்று கச்சாலீஸ்வரர் கோயில். இன்னொன்று ஆர்மீனியன் தேவாலயம். 1712-ல் முதலில் எழுந்து, 1772-ல் இப்போதைய இடத்தில் மறுபடி கட்டப்பட்டது. தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள், உள்முற்றத்தில் கல்லறைக் கற்கள், நடுவில் மரங்கள். வாசலைத் தாண்டியதுமே தெரு இரைச்சல் நின்றுவிடும். பெருவணிகம் செய்த அந்தச் சமூகத்தில் இன்று இங்கே யாரும் இல்லை என்றே சொல்லலாம். கட்டடம் நன்றாக இருக்கிறது.

பெரிய கட்டடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவற்றைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். ஹைகோர்ட் 1892-ல் திறக்கப்பட்டது. பிராசிங்டன் தொடங்கிய வரைபடத்தை ஹென்றி இர்வின் முடித்தார், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். நம் ஊர்ச் செங்கல்லும் நம் ஊர்க் கொத்தனார் கையும்தான் அந்தக் குவிமாடங்கள். உயரமான கோபுரம் பல வருடம் கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. அதற்கு முந்தைய கலங்கரை விளக்கு, 1844-ல் ஏற்றிய கிரேக்க பாணிக் கல்தூண், அதே வளாகத்தில் நிற்கிறது. ராஜாஜி சாலையில் சிஷோல்ம் வரைந்த 1884-ன் பொதுத் தபால் நிலையத்தில் கூரையைப் பாருங்கள், கேரளத்துக் கூரைச் சாயல் தெரியும். பச்சையப்பன் மண்டபம் கிரேக்கக் கோயில் மாதிரி, 1850-ல் திறந்தது.

வடக்கே வாழ்கிற நமக்கு ஒன்று முக்கியம். 1876 வாக்கில் துறைமுகத்துக்குக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் போடத் தொடங்கினார்கள். நம் கரையில் மணல் வருடத்தில் அதிக நாள் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. கருங்கல் கொட்டி வைத்திருப்பது அதனால்தான். தெற்கே ஒரு அழகான கடற்கரை கிடைத்த கணக்கில் நம் மீனவக் குப்பங்கள் இழந்த நிலத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

நடக்க ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் போங்கள். கடைகள் மூடியிருக்கும்போதுதான் மாடி முகப்புகள் தெரியும்: சுதை வேலைப்பாடு, பச்சை வெனிஷியன் ஜன்னல்கள், வார்ப்பிரும்புத் தூண்கள். பாரிமுனைக் கல்லில் தொடங்கி, தம்பு செட்டி தெரு வழியாகக் காளிகாம்பாள் கோயிலைத் தாண்டி மண்ணடி, அங்கிருந்து பிராட்வேயைக் குறுக்கே கடந்து பூக்கடை, தங்கசாலை வழியே வடக்கே மாடிப் பூங்கா வரை. மூன்று மணி நேரம் போதும். நேரம் இருந்தால் ராயபுரம் ரயில் நிலையத்தையும் பாருங்கள், 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய இடம்.

கேமராவைவிட அளவு டேப் முக்கியம். திண்ணை உயரம், முற்றத்தின் நீள அகலம், விட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், பெரும்பாலும் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீரும் கொடுப்பார்கள். என்னிடம் அப்படி அளந்த வீடுகளின் நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் வீடுகள் இப்போது இல்லை. வேண்டுமென்றால் வந்து பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கிற வீடுகளில் எவற்றுக்குப் போகலாம் என்று தெருவும் வீட்டு எண்ணும் குறித்துத் தருகிறேன்.